பல் எடுக்கும் முன்பே எலும்பைப் பற்றிக் கேளுங்கள்

கடைவாய்ப் பல்லை எடுத்ததும் வலி போய்விடுவதால், பல் கட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது நம் வீடுகளில் வழக்கம். என் அம்மாவும் அப்படித்தான் விட்டிருந்தார். சில ஆண்டுகள் கழித்து இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியச் செயற்கைப் பல்வேர், வைப்பதற்காக சிபிசிடி எனப்படும் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்தபோது, மேல்தாடையில் ஈறுக்கும், அதற்கு மேலே மூக்கின் பக்கத்தில் காற்று நிறைந்திருக்கும் சைனஸ் அறைக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் எலும்புதான் எஞ்சியிருந்தது.

பல் போனபின் அதைத் தாங்கிய எலும்புக்கு வேலை இல்லாததால், உடல் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறது. முதல் 12 மாதங்களிலேயே அகலத்தில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடலாம். அதிலும் பெரும்பகுதி முதல் 3 மாதங்களில் போய்விடும். டைட்டானியம் எலும்போடு பிணைந்துகொள்வதைக் கண்டறிந்த ஸ்வீடன் நாட்டுப் பிரோனமார்க், 1965இல் முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் பொருத்தினார் என்றாலும், பிணைந்துகொள்ள எலும்பே இல்லாத இடத்தில் டைட்டானியத்தால் பயனில்லை.

இந்த எலும்புக் குறையைச் சரிசெய்ய, அம்மாவுக்கு ஈறின் பக்கவாட்டில் சிறு சாளரம்போல் எலும்பைத் திறந்து, சைனஸின் மெல்லிய சவ்வைக் கிழியாமல் மேலே தூக்கி, அந்த இடைவெளியில் ரவை போன்ற எலும்புத் தூளை அவருடைய இரத்தத்தோடு குழைத்து நிரப்பினார்கள். சில வாரங்களுக்கு மூக்குச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்தபடியே தும்ம வேண்டும் என்றார்கள். தூள், கட்டடம் எழுப்பக் கட்டும் சாரம் போன்றதுதான். அதைப் பற்றிக்கொண்டு அவருடைய சொந்த எலும்பு வளர ஏறத்தாழ ஆறு மாதம் காத்திருந்தோம். இதை வீண் தாமதம் என்று நினைத்து மருத்துவரை அவசரப்படுத்தவே கூடாது.

அந்தத் தூள் எதிலிருந்து வருகிறது என்பதையும் கேட்டறிய வேண்டும். நோயாளியின் தாடையிலிருந்தே எடுப்பது, இறந்த கொடையாளரின் எலும்பு, பதப்படுத்திய மாட்டெலும்பு, செயற்கைக் கால்சியம் பாஸ்பேட் எனப் பல வகைகள் உள்ளன. நிரப்பிய தூளின் மேல் வைத்து மூடும் கொலாஜன் என்ற புரதத்தாலான சவ்வும் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியிலிருந்தே வருகிறது. அம்மா சைவம். நாங்கள் கேட்டிராவிட்டால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இதை மருத்துவரே முதலில் சொல்லி ஒப்புதல் பெறுவதுதான் முறை என்று உறுதியாக நினைக்கிறேன்.

பல் எடுக்கும் அன்றே குழியில் தூளை நிரப்பி மூடினால் எலும்பு குறைவது முழுவதும் நிற்காவிட்டாலும் வெகுவாக மட்டுப்படும் என்பதால், பின்னாளில் இம்ப்ளான்ட் வைக்கும் எண்ணமிருந்தால் அப்போதே கேட்டுவிடுங்கள். புகைப்பழக்கமும் கட்டுக்குள் வராத சர்க்கரையும் இப்படி நிரப்பும் எலும்பு ஒட்டு பிடிப்பதைக் கெடுக்கும். எலும்பு அடர்த்திக் குறைவுக்காக அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள், பல்லில் கைவைக்கும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.