பில் பாக்கியோடு ஒரு நியூ ஜெர்சி குளிர்காலம்

நியூ ஜெர்சியில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை, பாக்கி இருக்கிறது என்ற காரணத்துக்காகச் சில வகைக் குடும்பங்களின் கேஸையும் கரண்டையும் கட் பண்ணக் கூடாது. 'விண்டர் டெர்மினேஷன் புரோகிராம்' என்ற மாநில அரசின் விதி இது. நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஆகஸ்டில் என் கணவருக்கு வேலை போனது. அன்எம்ப்ளாய்மென்ட் பணம் வாடகைக்கும் மளிகைக்கும் சரியாகப் போய்விடும். கேஸ் பில் கட்டுவது நின்றுபோனது. டிசம்பரில் இணைப்பைத் துண்டிக்கப் போவதாக நோட்டீஸ் வந்தது. பில்லுக்கு 15 நாள் அவகாசம், அதற்குமேல் எழுத்தில் 10 நாள் முன்னறிவிப்பு, அதன் பிறகுதான் கம்பெனி இணைப்பில் கை வைக்கலாம். அந்தப் பத்து நாள்தான் எங்கள் கையில் இருந்தது.

வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. பேஸ்மென்ட்டில் இருக்கும் பர்னஸ் கேஸில் எரிகிறது, சூடான காற்றை மேலே தள்ளும் ஃபேன் கரண்டில் ஓடுகிறது. இரண்டில் எது நின்றாலும் வீடு சில்லிட்டுவிடும், குழாயில் தண்ணீர் உறைந்து பைப் வெடிக்கும். ஹீட்டர் இல்லாமல் கரி அடுப்பை உள்ளே வைத்துக் குளிர் காய்ந்து, கார்பன் மோனாக்சைடில் உயிரை விட்டவர்கள் இந்த நாட்டில் உண்டு. பயந்துதான் போனேன்.

பக்கத்து வீட்டு அக்கா நோட்டீஸை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பினார். பொடி எழுத்தில் வாடிக்கையாளர் உரிமைகள். "இதைப் படிச்சியாம்மா? வேலை போனவங்களுக்கும் பொருந்தும். ஆனா நீயா கேக்கணும், அவங்களா சொல்ல மாட்டாங்க" என்றார்.

அவர் சொன்னது சரி. எரிபொருள் உதவித்தொகை, எஸ்எஸ்ஐ (வருமானம் குறைந்த முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவி), முதியோர் மருந்து உதவி போன்றவை பெறுகிறவர்கள் இந்தப் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். அவற்றோடு இன்னொரு வகையும் உண்டு: வேலையிழப்பு, நோய், மருத்துவச் செலவு, கணவன் அல்லது மனைவியின் மறைவு என்று தங்கள் கைமீறிய காரணத்தால் கட்ட முடியாமல் போனவர்கள். நாங்கள் அதில் வந்தோம். அரசாங்க உதவி என்றாலே கிரீன் கார்டுக்கு ஏதாவது ஆகுமோ என்று நம்மவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இதில் அரசாங்கப் பணம் ஒரு டாலர்கூட நம் கைக்கு வருவதில்லை. இணைப்பு நிற்காது, அவ்வளவுதான்.

கேஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்தவர் முதலில் பாதித் தொகையை உடனே கட்டச் சொன்னார். "விண்டர் டெர்மினேஷன் புரோகிராமில் எங்களைச் சேர்க்க வேண்டும், கணவருக்கு வேலை போய்விட்டது" என்று அந்தப் பெயரையே சொல்லிக் கேட்டேன். அதற்கு அப்புறம்தான் பேச்சு மாறியது. சூப்பர்வைசர் லைனுக்கு வந்து, லே-ஆஃப் கடிதத்தை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். கணக்கில் பதிவாகிவிட்டதா என்று திரும்பக் கூப்பிட்டுக் கேட்டு, பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்துவைத்தேன். இதை யாரும் விட்டுவிடக் கூடாது. கம்பெனி மறுத்தால், கேஸ், கரண்ட் கம்பெனிகளைக் கண்காணிக்கும் பிபியு என்ற மாநில வாரியத்தில் புகார் செய்யலாம். எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. கரண்ட் கம்பெனியிடமும் தனியாகச் சொல்லிப் பதிந்தேன்.

நவம்பர் 15க்கு முன்பே இணைப்பு போய்விட்டதா? அப்போதும் கேட்கலாம். திரும்பக் கொடுக்க, பாக்கியில் 25 சதவீதம் வரை முன்பணம் கேட்பார்கள்.

பாக்கி தள்ளுபடியாவதில்லை, மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் முடிந்ததை மாதாமாதம் கட்டினோம். வருடச் செலவைச் சமமாகப் பிரித்துக் கட்டும் பட்ஜெட் பிளானிலும் சேர்ந்தோம். கூடவே லைஹீப் (மேலே சொன்ன எரிபொருள் உதவித்தொகை), யூஎஸ்எஃப் (கேஸ், கரண்ட் பில்லுக்கான உதவி) என்ற இரண்டுக்கும் விண்ணப்பித்தோம். இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம்தான். எல்லோருடைய சோஷியல் செக்யூரிட்டி எண், வருமானச் சான்று, வாடகை ஒப்பந்தம், பில் கேட்டார்கள். மெதுவாகத்தான் நகர்கிறது. குளிர் வரும்வரை காத்திருக்காமல் அக்டோபரிலேயே போடுவது நல்லது.

மார்ச் 15க்கு அப்புறம் பழையபடி கட் பண்ணலாம். அதனால் பிப்ரவரியிலேயே கூப்பிட்டு, மீதிப் பாக்கியைத் தவணையாகக் கட்ட ஒப்பந்தம் எழுதி வாங்கினோம். ஏப்ரலில் கணவருக்கு வேலை கிடைத்தது. தவணை இன்னும் ஓடுகிறது.