48 அங்குல மீனும் மாமாவின் கூழ்ப்பானையும்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மீன் படம் போட்டால் முதல் பதில் பாரிஸில் இருக்கும் மாமாவிடமிருந்துதான் வரும். கனடாவில் பிஜன் ஏரியில் நான் பிடித்த மஸ்கி மீனின் படத்துக்கும் அப்படித்தான் வந்தது. "தலையை என்ன செய்தனீ?" தலை, வால், நடுமுறி எல்லாம் சேர்ந்தபடியே திரும்பத் தண்ணீருக்குள் போய்விட்டது என்று எழுதினேன். அடுத்தது குரல் பதிவு. "உனக்கென்ன விசரே?" பின்னால் மாமி சிரிக்கிற சத்தம்.

மாமா யாழ்ப்பாணத்துக் குருநகரில் வளர்ந்தவர். அவருடைய தகப்பனுக்குக் கடலேரியில் கம்பு நட்டு வலை கட்டும் களங்கண்டி இருந்தது. நாலடி மீன் ஒன்று வீட்டுக்கு வந்தால் தலை மீன் போட்டுக் காய்ச்சும் கூழுக்கு, நடுத்துண்டு குழம்புக்கு, மிச்சம் அயலட்டைக்கு. அப்படியான வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு, விடியப்புறம் எழும்பி, ஸ்காபரோவிலிருந்து வடக்கே கார் ஓடி, நாள் முழுக்கத் தூண்டில் எறிந்து, கடைசியில் கிடைத்த ஒன்றைப் படம் எடுத்துவிட்டு விடுகிறவன் விசரனாகத்தான் தெரிவான். என் பதில் ஒரு குரல் பதிவுக்குள் அடங்காது. அதனால் இங்கே எழுதுகிறேன். மாமாவும் வாசிப்பார்.

மஸ்கி என்று சுருக்கிச் சொல்வது மஸ்கலன்ஜ் என்ற நன்னீர் மீனை. சீலாவைப் போல நீண்ட உடம்பு, தட்டை மூக்கு, வாய் நிறையப் பல். ரொறொன்ரோவுக்கு வடகிழக்கே ட்ரென்ற்-செவேர்ன் கால்வாய் கோத்துக்கொண்டு போகும் கவார்த்தா ஏரிகளில், பிஜன், பக்ஹோர்ன், செமொங், ஸ்ரோனி எல்லாவற்றிலும், இது உண்டு. இங்கத்தைய ஆட்கள் இதைப் பத்தாயிரம் எறிதலுக்கு ஒரு மீன் என்பார்கள். என் தோள்மூட்டு அதை மறுக்கவில்லை. ஒரு நாள் முழுக்க எறிந்து ஒன்றையும் காணாமல் வருவது சாதாரணம். சில நாள் படகு வரைக்கும் லூர் என்ற செயற்கை இரைக்குப் பின்னால் வந்து, நம்மை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிடும். அதற்காகத்தான் ஒவ்வொரு எறிதலின் முடிவிலும் றொட்டின், அதாவது தூண்டில் தடியின், நுனியைத் தண்ணீருக்குள் விட்டு 8 என்ற இலக்கத்தை எழுதுவது. எங்கள் மீன் அந்த எட்டின் இரண்டாம் வளைவில் அடித்தது.

மாமாவுக்குச் சொல்ல வேண்டியது முதலில் வயது. மஸ்கி சிறு வயதில் மளமளவென்று வளரும். மூன்று நாலு வருடத்தில் 30 அங்குலத்தைத் தொட்டுவிடும். அப்புறம் வளர்ச்சி இழுபடத் தொடங்கும். கடைசி அங்குலங்கள் ஒவ்வொன்றுக்கும் வருடம் கணக்காகும். 50 அங்குலத்தைத் தாண்டியது பெரும்பாலும் பதினைந்து, இருபது வயதுக்காரி. காரி என்று எழுதக் காரணம் உண்டு. ஆண் மஸ்கி அந்த அளவுக்கு வருவது அரிது. படத்தில் பெரிதாகத் தெரிவது அநேகமாகப் பெண்தான். என் 48 அங்குலக்காரி ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகளைவிட மூத்தவளாக இருக்கச் சாத்தியம் நிறைய.

இந்த வயதுக் கணக்கு வாய்க்கு வந்தபடி சொல்வதில்லை. மீனின் செவிளுக்குப் பின்னால் தோள்பட்டை மாதிரி ஒரு தட்டையான எலும்பு இருக்கிறது, கிளைத்ரம் என்பார்கள். மரத்தில் போல அதில் வருட வளையங்கள் விழும். ரொறொன்ரோவில் றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் வேலை செய்த எட் குரொஸ்மன் என்ற மீனியலாளர், மீன்களைப் பாடம் செய்பவர்களிடமும் தூண்டில்காரர்களிடமும் கேட்டுக் கேட்டு இந்த எலும்புகளைச் சேர்த்தார். 1988 ஒக்டோபரில் ஜோர்ஜியன் பேயில் கென் ஓ'பிரையன் பிடித்த 65 இறாத்தல் மஸ்கிதான் ஒன்ராறியோவின் சாதனை மீன். அதன் எலும்பில் எண்ணிய வயது 30. யாழ்ப்பாணத்தில் நாங்கள் இந்தியன் ஆமியைப் பார்த்துக்கொண்டு இருந்த காலத்தில் பிடிபட்ட மீன் அது. அது முட்டையை விட்டு வெளியே வந்தபோது மாமாவே சின்னப் பெடியன்.

அப்படி ஒரு மீன் கூழ்ப்பானைக்குள் போகும்போது போவது அந்த முப்பது வருடமும்தான். மஸ்கி ஐந்தாறு வயதுக்குப் பிறகுதான் முட்டையிடும். சின்னப் பெண் மீனில் சில ஆயிரம் முட்டை இருந்தால் பெரியதில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும். ஐஸ் உருகித் தண்ணீர் கொஞ்சம் சூடான பிறகு, ஆழமில்லாத புல்லுத் தரையில் முட்டையை விசிறிவிட்டுப் போய்விடும். கூடு, காவல் ஒன்றும் கிடையாது. முட்டையையும் குஞ்சையும் தின்ன ஏரியில் எல்லாருக்கும் விருப்பம். முந்தியே பொரித்துவிடும் பைக் மீனின் குஞ்சு, பின்னால் வரும் மஸ்கிக் குஞ்சைத் தின்னும். இப்படிப்பட்ட ஒரு வாழ்க்கையில் ஒரு நல்ல வருடம் எப்போது வாய்க்கும் என்று சொல்ல முடியாது. அதனால் நிறைய வருடம் இருந்து நிறையத் தடவை முட்டை இடுகிற கிழவிகளை வைத்துத்தான் ஏரி ஓடுகிறது.

ஊரிலும் இதே மாதிரி ஒன்று உண்டு, மறுபக்கமாக. கலவாய் இனங்களில் பெரும்பாலானவை முதலில் பெண்ணாக இருந்து, பெரிதானபின் ஆணாக மாறும். பெரிய கலவாயாகப் பார்த்துப் பார்த்து எடுத்தால் கடைசியில் ஆண் குறைந்துபோகும். சம்மாட்டிமாருக்கு அது தெரிந்திருந்தாலும் வயிறு கேட்காது. அது வேறு கதை. பசிக்குப் பிடிக்கிறவனையும் பொழுதுபோக்குக்குப் பிடிக்கிற என்னையும் ஒரே தராசில் வைக்க நான் தயார் இல்லை.

இங்கே சட்டமும் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. கவார்த்தா அடங்கும் 17ஆம் மீன்பிடி வலயத்தில் 112 சென்ரிமீற்றருக்குக் கீழே உள்ள மஸ்கியை வைத்திருக்க முடியாது. அதற்கு மேல் என்றால் ஸ்போர்ட் லைசென்ஸ் உள்ளவர் ஒன்றை வைத்திருக்கலாம். கொன்சர்வேஷன் லைசென்ஸ் என்று மலிவாக ஒன்று இருக்கிறது, அதில் மஸ்கி பூச்சியம். மாமா இங்கே வரும்போது அவருக்கு அந்த மலிவானதைத்தான் எடுப்பேன். இதை வாசித்துத்தான் அவர் அறியப்போகிறார். என் 48 அங்குலம் 122 சென்ரிமீற்றர் வரும், சட்டப்படி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாம். எனக்கு இதைவிடப் பிடித்தது பிக்கரல் என்ற இன்னொரு நன்னீர் மீனுக்கான சட்டம்: 35க்கும் 50 சென்ரிமீற்றருக்கும் நடுவில் உள்ளதைத்தான் எடுக்கலாம். குட்டியும் விடு, கிழவியும் விடு, நடுவில் உள்ளதைத் தின். மஸ்கிக்கு நேர்மாறாக, பெரியதை மட்டும் எடு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முட்டையிட ஒரு சந்தர்ப்பம் கிடைக்கட்டும் என்பது அதன் நியாயம். எனக்கு அது பாதி நியாயமாகத்தான் படுகிறது.

மாமாவின் அடுத்த குரல் பதிவு எதிர்பார்த்ததுதான். "தின்னாட்டி ஏன் பிடிக்கிறாய்? அது பாட்டில கிடந்த சீவனை இழுத்து வதைச்சுப்போட்டு, பிறகு பெரிய மனுசன் மாதிரி விடுறது."

இதற்கு என்னை நல்லவனாகக் காட்டுகிற பதில் கிடையாது. மீனுக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. எனக்குப் பிடிக்கும், அதனால் பிடிக்கிறேன். "மீன்மேல் அன்பு வைத்து விடுகிறேன்" என்று யாரும் சொன்னால் நானும் மாமாவோடு சேர்ந்து சிரிப்பேன். அந்த மீன் தண்ணீரில் இருக்க வேண்டும், இன்னும் பத்து வருடம் முட்டை இட வேண்டும், என் மகளோ வேறு யாருடைய மகளோ அதை ஒருநாள் பிடிக்க வேண்டும். என் காரணம் இவ்வளவுதான், அதில் சுயநலம் நிறைய. ஆனால் அது நடக்க வேண்டும் என்றால் விட்ட மீன் உயிரோடு இருக்க வேண்டும். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

மஸ்கி பெரிய மீன், ஆனால் தாங்குகிற மீன் இல்லை. நீண்ட நேரம் இழுபட்டால் தசைக்குள் அமிலம் ஏறிக் களைத்துப்போகும். அதனால் மெல்லிய தங்கூசி நூலில் அரைமணித்தியாலம் விளையாட்டுக் காட்டுவது வீரம் என்று நினைப்பவரோடு நான் படகு ஏறுவதில்லை. எங்கள் றீலில் 80 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல், நுனியில் கம்பி, தடித்த றொட். கொளுவினால் இரண்டு மூன்று நிமிடத்தில் படகடிக்கு வந்துவிட வேண்டும். தூண்டில் முள்ளில் பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையை வீட்டிலேயே பிளையரால் நசுக்கிவிடுவேன்.

அதன்பின் மீனைப் படகுக்குள் தூக்குவதில்லை. ரப்பர் பூசிய, முடிச்சில்லாத பெரிய வலைக்குள் அது தண்ணீரிலேயே நிற்கும். செவிள் மூடித் திறந்துகொண்டு இருக்கும், மூச்சுக்குக் குறைவில்லை. அந்த நேரத்தில் நீண்ட பிளையரால் முள்ளைக் கழற்றுவோம். கழறவில்லை என்றால் இழுக்க மாட்டேன், கட்டரால் முள்ளை வெட்டிவிடுவேன். ஒரு முள்ளின் விலை இரண்டு டொலர் வருமோ என்னவோ. எல்லாம் கழன்று, கமெரா தயாராகி, "சரி" என்று மச்சான் சொன்ன பிறகுதான் மீன் வெளியே வரும். ஒரு கை செவிள் மூடிக்குக் கீழே, செவிளில் விரல் படாமல். மற்றக் கை வயிற்றுக்குக் கீழே. கிடையாகப் பிடிக்க வேண்டும். தாடையில் பிடித்து நிலைக்குத்தாகத் தொங்கவிட்டால் அந்த எடைக்குக் கழுத்தும் உள்ளுறுப்பும் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். அதே காரணத்துக்காகத் தராசில் கொளுவி நிறுப்பதும் இல்லை. மிதக்கும் அளவுகோலில் நீளம் பார்த்தால் போதும். படம் எடுப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும் என்பது மச்சான் போட்ட சட்டம். அவருக்கு மூச்சு முட்டினால் மீனுக்கும் முட்டும்.

பிறகு வாலடியைப் பிடித்து நிமிர்த்தி வைத்துக்கொண்டு காத்திருப்பது. முன்னும் பின்னும் ஆட்டுவதைச் சிலர் ஒரு வித்தையாகச் செய்வார்கள், தேவையில்லை. பின்னால் இழுக்கும்போது தண்ணீர் செவிளுக்குள் தலைகீழாகப் போகும். மீன் தானாகவே உதறிக்கொண்டு போகும்வரை பிடித்திருந்தால் சரி. என் மீன் போகும்போது வாலால் அடித்த தண்ணீரில் மச்சானின் போன் நனைந்தது. அது வேலை செய்கிறது, ஆனால் அவர் இன்னும் அதைப் பற்றிக் கதைக்கிறார்.

ஒழுங்காகச் செய்தால் பலன் உண்டு. கார்ல்ற்றன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒட்டாவா ஆற்றில் பிடித்து விட்ட மஸ்கிகளுக்கு ரேடியோக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில் தூண்டிலால் செத்த மீன் என்று ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே மீனைக் கையாண்டவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். கடைசியில் எப்படியோ தண்ணீரில் விட்டால் போதும் என்று நினைப்பவர் விட்ட மீன் ஆழத்தில் போய்ச் சாகும். யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

வெப்பமும் அப்படி ஒன்று. கவார்த்தா ஏரிகள் ஆழம் குறைந்தவை, ஜூலை கடைசியில் தண்ணீர் சூடாகிவிடும். சூட்டுத் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, மீனுக்குக் களைப்பும் சீக்கிரம். 27 பாகைக்கு மேல் போனால் நாங்கள் மஸ்கிக்குப் போவதில்லை. பிடிக்க முடியும், உயிரோடு விடுவதுதான் சந்தேகம். விடுமுறைக்கு வந்து கொட்டில் வாடகைக்கு எடுத்தவர்களுக்கு இதைச் சொன்னால் முகம் சுருங்கும், ஏனென்றால் அவர்களுக்குக் கிடைப்பதே அந்த இரண்டு கிழமைதான். நவம்பரில் பிரச்சினை மற்றப் பக்கம். காற்று பூச்சியத்துக்குக் கீழே இருந்தால் ஈரச் செவிள் வெளியே உறைந்துவிடும். அப்போது படமும் தண்ணீருக்குள்ளேயே.

இனி மாமிக்கு ஒரு செய்தி. பெரிய, கிழட்டு வேட்டை மீனின் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும். வயது கூடக் கூடச் சேரும். ஒன்ராறியோ அரசு எந்த ஏரியில் எந்த மீனை எந்த நீளத்தில் மாதம் எத்தனை தடவை தின்னலாம் என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. நீளம் கூட, அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டு போகும். அந்தத் தலைக் கூழைப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்க மாமியே சம்மதிக்க மாட்டார்.

நான் மீன் தின்னாதவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சிம்கோ ஏரியில் பேர்ச் மீனைப் பிடித்தால் வாளியோடு வீட்டுக்குத்தான் வரும். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடிய மீன், சீக்கிரம் பெருகும், மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்தால் ஒரு தட்டு காணாது. அதற்கு எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அதே சிம்கோவில் ஒரு காலத்தில் மஸ்கி நிறைய இருந்தது. பிடித்து விற்றே முடித்துவிட்டார்கள், ஈரநிலங்களும் போய்விட்டன. 2005இல் மீட்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, வேறு நீர்நிலையில் எடுத்த முட்டையைப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை அங்கே விட்டார்கள். அதற்குப் பிறகும் சிம்கோவில் மஸ்கி பிடித்தேன் என்று யாராவது சொன்னால் நாங்கள் தேநீரைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்கிறோம்.

படம் பார்த்த பிறகு "அடுத்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போ" என்று மூன்று நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். வாங்கோ. செப்ரெம்பருக்குப் பிறகு, தண்ணீர் ஆறின பிறகு. வலையும் றொட்டும் என்னிடம் இருக்கின்றன. கட்டர் மட்டும் ஆளுக்கொன்று கொண்டுவர வேண்டும். மீனின் வாயில் உள்ள முள்ளை வெட்டுவதும் அதுதான், உங்கள் விரலில் ஏறினால் வெட்டுவதும் அதுதான்.