அம்மா வீட்டு ஹீட்டரும் ஹால் விளக்கும்: நாலு மாசக் குறிப்பு

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் அங் மோ கியோவில் அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். குளியலறைக்கு வெளியே ஹீட்டர் சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "எப்பம்மா போட்டது?" என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "நேத்து காலையிலயா இருக்கும் கண்ணு" என்றார்.

அம்மாவுக்கு 76 வயசு. மூவறை வீட்டில் தனியாக இருக்கிறார். நான் பொங்கோலில் இருக்கிறேன், வேலை ஜூரோங் பக்கம். மறதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஹீட்டர் மட்டும் அவர் மனசை அரித்துக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை சிராங்கூன் சாலை பெருமாள் கோவிலுக்குக் கிளம்புவார். தோ பாயோ தாண்டும்போது சந்தேகம் வந்து, இறங்கி, வீட்டுக்கே திரும்பிப் போய்விடுவார். போய்ப் பார்த்தால் ஹீட்டர் அணைந்துதான் இருக்கும். இப்படி மூன்று முறை நடந்த பிறகுதான் எனக்கே சொன்னார்.

சரி, போனிலேயே பார்த்து அணைக்கக்கூடிய சுவிட்சாக மாற்றிப் பார்ப்போம் என்று இறங்கினேன். முதலில் ஒரு கணக்கு. அம்மா வீட்டில் இருப்பது 25 லிட்டர் தொட்டி, 2.5 கிலோவாட். குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால், தொட்டி முழுவதையும் 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 0.93 யூனிட் கரண்ட் வேண்டும். 22 நிமிஷ வேலை. யூனிட்டுக்கு 30 காசு போட்டால் ஒரு குளியலுக்கு 28 காசு. அணைக்க மறந்தால் தண்ணீர் கொதித்துப் பொங்கிவிடாது, சூடு போதுமானதும் கரண்ட்டை வெட்டும் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஆறிப்போகும் சூட்டை ஈடுகட்டத் திரும்பத் திரும்பக் காய்ந்துகொண்டிருக்கும். பிறகு அளந்து பார்த்தேன்: யாருமே குளிக்காத ஒரு முழு நாளில் 1.1 யூனிட் போயிருந்தது. தினமும் அப்படியே விட்டாலும் மாசம் 10 வெள்ளிதான் கூடும். அந்தப் பணத்துக்காக நான் இதைச் செய்யவில்லை. தோ பாயோவில் இறங்கித் திரும்பும் அந்த நடைக்காகத்தான் செய்தேன்.

முதலில் வாங்கியது தவறான பொருள். இணையத்தில் பார்த்த ஒரு சின்ன ரிலே (தானாகக் கரண்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), வைஃபை வகை, 10 ஆம்பியர். அது வீட்டுக்கு வந்த பிறகுதான் 2500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்துப் பார்த்தேன்: 10.9 ஆம்பியர். அளவுக்கு மீறிய சுமையில் ரிலேயின் உள்தகடுகள் சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொண்டால் போனில் 'அணைந்தது' என்று காட்டும், ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். எதைத் தடுக்க இந்த வேலையை ஆரம்பித்தேனோ அதுவே நடக்கும். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஹீட்டருக்கென்றே செய்த 20 ஆம்பியர் ஜிக்பீ சுவிட்ச் ஒன்றை வாங்கினேன். ஜிக்பீ என்பது வைஃபை மாதிரியே வீட்டுக் கருவிகள் வயர் இல்லாமல் பேசிக்கொள்ளும் இன்னொரு முறை. எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று அதுவே அளந்து சொல்லும். வாங்குபவர்கள் ஆம்பியர் எண்ணையும் சிங்கப்பூர்ப் பாதுகாப்புக் குறியையும் பார்த்த பிறகு விலையைப் பாருங்கள்.

மாட்டும் வேலையை நான் தொடவில்லை. சுவருக்குள் இருக்கும் வயரிங்கில் கைவைக்க உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் வரவேண்டும். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்திலேயே அவர்களைத் தேடலாம். வந்தவர் அறுபது தாண்டிய ஒரு சீன அங்கிள். முதலில் மெயின் பெட்டியைத் திறந்து, கரண்ட் கசிந்தால் உடனே வெட்டும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்த்தார், சோதனைப் பொத்தானை அழுத்தி 'டக்' என்று விழ வைத்தார். 1985 ஜூலைக்கு முந்தைய வீடுகளில் அது இல்லாமலும் இருந்திருக்கலாம். 2025 ஜூலை 1 முதல் எல்லா வீட்டிலும் கட்டாயம். அம்மா வீடு எழுபதுகளின் கடைசியில் கட்டியது. அப்பா இருக்கும்போதே போட்டுவிட்டிருந்தார்.

பிறகு பழைய ஹீட்டர் சுவிட்சின் மூடியைக் கழற்றினார். என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு வயரின் முனையில், விரல் நீளத்துக்கு, உறை பழுப்பேறி இருந்தது. நகத்தால் லேசாக அழுத்தினார், மொறுமொறுவென்று உதிர்ந்தது. உள்ளே செம்பு கறுத்திருந்தது. திருகு தளர்ந்து, இத்தனை வருஷமாக ஒவ்வொரு காலையும் அந்த இடம் மட்டும் சூடேறிக்கொண்டிருந்திருக்கிறது. அங்கிள் ஒன்றும் பேசாமல் நல்ல செம்பு வரும் வரை வெட்டினார், புதிதாக முனை சீவி இறுக்கினார், இழுத்துப் பார்த்தார், மறுபடி இறுக்கினார். அம்மா அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் தினமும் துண்டு மாட்டுவார். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இரண்டு வயரையும் சேர்த்துத் துண்டிக்கும் இருமுனைச் சுவிட்ச் ஒன்றையும் புதிதாக, பழைய இடத்திலேயே போடச் சொன்னேன். போன், இணையம், என் கம்ப்யூட்டர் எல்லாம் செத்தாலும் அம்மா கையால் போட்டு அணைக்க முடிய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

கம்ப்யூட்டர் என்றது ஒரு ராஸ்பெர்ரி பை 4, உள்ளங்கை அளவுதான். அதில் வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் ஓடுகிறது. டிவிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. சுவிட்சோடு பேசும் ஜிக்பீ ஸ்டிக்கை அதில் நேராகச் செருகாமல் ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் தள்ளி வைத்தேன். யுஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்தில் இருந்தால் அதன் இரைச்சலே சிக்னலைக் கெடுக்கும். ஜிக்பீக்கு அலைவரிசை 25, பக்கத்து வீட்டு வைஃபைகளோடு மோதாமல் இருக்க. வைஃபை சுவிட்சும் நிறுவனத்தின் செயலியும் இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். என் வீட்டில் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு மாலை அந்த நிறுவனத்தின் சர்வர் விழுந்தது, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த விளக்குகூடப் போனுக்குக் கட்டுப்படவில்லை. அம்மா வீட்டில் எல்லா முடிவும் வீட்டுக்குள்ளேயே எடுக்கப்பட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். வெளியிலிருந்து பார்க்க டெயில்ஸ்கேல் என்ற பாதுகாப்பான தனி இணைப்பைப் போட்டிருக்கிறேன். ரவுட்டரில் எந்த வாசலையும் திறந்து வைக்கவில்லை.

மார்ச் முதல் வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹீட்டர் சுவிட்ச் அளந்த கரண்ட்டின் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சுவிட்சைப் போட்டதும் கோடு 2480 வாட்டுக்கு நேராக ஏறுகிறது. மேசைமாதிரி தட்டையாகப் போகிறது. 20, 22 நிமிஷத்தில் ஒரே வெட்டாகப் பூஜ்யத்துக்கு விழுகிறது. சுவிட்ச் இன்னும் போட்டபடிதான் இருக்கிறது, ஆனால் கரண்ட் ஓடவில்லை. தெர்மோஸ்டாட் வெட்டிவிட்டது. அதாவது தண்ணீர் காய்ந்துவிட்டது! தொட்டியில் எந்த சென்சாரும் இல்லாமலே இது தெரிகிறது. எனக்கு இந்த வேலை முழுவதிலும் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அதே வாரத்தில்தான் பெரிய தப்பும் செய்தேன். புதன்கிழமை காலை 9 மணிக்கு அலுவலகத்தில் பார்க்கிறேன், ஹீட்டர் போட்டபடி இருக்கிறது. மறந்துவிட்டார் என்று நினைத்துப் போனிலிருந்தே அணைத்துவிட்டேன். மறக்கவில்லை. அன்று தலைக்கு எண்ணெய் வைத்து ஊறவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். தொட்டியில் பாதிகூடக் காயவில்லை. ஷாம்பூ போட்ட தலையோடு பச்சைத் தண்ணீரில் நின்றிருக்கிறார். சாயங்காலம் போன் செய்தபோது, "நான் குளிக்கிறத நீ ஆபிஸ்லருந்து பாத்துட்டு இருப்பியாம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது.

அன்று இரவே என் போனிலிருந்து ஹீட்டரை இயக்கும் பொத்தானை எடுத்துவிட்டேன். இப்போது எனக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாமல் 2000 வாட் ஓடினால் எச்சரிக்கை வரும். தெர்மோஸ்டாட்டும் தானாக அணைக்கும் ஏற்பாடும் சேர்ந்து பழுதானால்தான் அப்படி ஓடும். மற்றபடி போட்டு 60 நிமிஷம் ஆனதும் ஹீட்டர் தானாக அணைந்துவிடும். இன்னும் வேண்டுமானால் அம்மாவே மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

ஏப்ரலில் ஹால் விளக்கு. இது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். பழைய வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் விளக்குச் சுவிட்சுக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டே வயர்தான் இருக்கும், கரண்ட் திரும்பிப் போகும் வயரான நியூட்ரல் நேராக விளக்குக்குப் போய்விடும். ஆனால் ஸ்மார்ட் சுவிட்ச் விழித்திருக்கத் தனக்கே கொஞ்சம் கரண்ட் வேண்டும். நியூட்ரல் இல்லாத வகை அந்தக் கொஞ்சத்தை விளக்கு வழியாகவே எடுத்துக்கொள்கிறது. குண்டு பல்பு காலத்தில் அது தெரிந்திருக்காது. 12 வாட் எல்இடிக்கு அந்தச் சொட்டுக் கரண்டே போதும். அணைத்த பிறகும் இரவெல்லாம் மங்கலாக மினுங்கிக்கொண்டிருந்தது. அதே அங்கிள் வந்து, விளக்குக்கு இணையாக ஒரு சின்ன கெப்பாசிட்டர் போட்டார். மினுக்கம் போய்விட்டது. சுவிட்ச் வாங்கும்போதே அந்தக் கெப்பாசிட்டர் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விளக்கு எரியும் நேரத்துக்குப் பெரிய யோசனை தேவைப்படவில்லை. இங்கே ஆண்டு முழுக்க மாலை 7 மணியை ஒட்டித்தான் இருட்டுகிறது, ஏறக்குறைய அரைமணிதான் மாறுகிறது.

மே மாசம் இரண்டையும் சேர்த்தேன். அம்மா காலையில் போனைத் தொட மாட்டார், சாமி விளக்கேற்றிய பிறகுதான் எடுப்பார். அதனால் கட்டில் பக்கம் ஒரு வயர்லெஸ் பொத்தான் ஒட்டினேன். 5 மணிக்கு விழிப்பு வந்ததும் படுத்தபடியே அழுத்துவார், ஹீட்டர் ஓட ஆரம்பிக்கும். கோடு பூஜ்யத்துக்கு விழுந்த நொடியில் ஹால் விளக்கு தானாக எரியும். படுக்கையறைக் கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் தண்ணீர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். எழுந்து குளியலறைக்குப் போகும் வழியும் வெளிச்சமாக இருக்கிறது. முதல் நாள் செய்து பார்த்துவிட்டு, "உங்கப்பா எழுப்புற மாதிரி இருக்கு" என்றார்.

இணையத்தைப் பிடுங்கிவிட்டுச் சோதித்தேன், எல்லாம் ஓடியது. மெயினை அணைத்துப் போட்டேன், ஹீட்டர் அணைந்த நிலையிலேயே எழுந்தது, விளக்கு முன்பிருந்த நிலைக்கு வந்தது. சுவிட்சின் அமைப்பில் இதைத் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். விட்டால் கரண்ட் திரும்பும்போது ஹீட்டர் தானாகவே போட்டுக்கொள்ளலாம்.

அம்மா போனின் முகப்பில் ஒரே ஒரு கட்டம் வைத்தேன், தமிழிலேயே: 'ஹீட்டர் அணைந்திருக்கிறது'. போட்டிருந்தால் சிவப்பாக மாறி 'ஹீட்டர் எரிகிறது' என்று வரும். தொட்டால் அணையும். போன வெள்ளிக்கிழமை கோவிலிலிருந்து துளசியும் தீர்த்தமும் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். தோ பாயோவில் பஸ்ஸிலேயே எடுத்துப் பார்த்தாராம்.

பாக்கி இருப்பது: கட்டில் பொத்தானின் சிஆர்2032 பேட்டரி 38 சதவீதம் காட்டுகிறது, இரண்டு வாங்கி வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு மலாய் ஆன்டியும் தன் ஹீட்டருக்கு இதே மாதிரி வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை அங்கிளை வரச் சொல்லியிருக்கிறேன். புது சுவிட்ச் பிறகு. முதலில் பழைய மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, அந்த வயர் முனையைப் பார்க்கட்டும்.