மூன்று எரர், ஒரே ஒயர்

போனிலேயே மாப்பிள்ளை குரல் சரியில்லை. "ரெண்டு சென்சார் மாத்தியாச்சுங்க மச்சான், மறுபடியும் அதே எரர்தான். மூணாவதையும் மாத்தோணும்கறாங்க. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க." தங்கச்சி நகையை அடகு வைத்து, செகண்ட் ஹேண்டில் வாங்கிய 20 டன் பொக்லைன். வாங்கி 2 மாதம்கூட ஆகவில்லை. மறுநாள் விடியக்காலையில் திருச்செங்கோட்டில் பைக்கை எடுத்தேன். எட்டு மணிக்கு க.பரமத்தி குவாரியில் நின்றேன்.

எனக்குத் தொழில் போர் போடும் ரிக் வண்டிகளுக்கு ஒயரிங். இப்படிப் போகும் இடங்களில் நான் முதலில் மீட்டரை எடுப்பதில்லை, ஆப்பரேட்டரைத்தான் பிடிப்பேன். இங்கே தர்மபுரிப் பக்கத்துப் பையன். "மண்ணு அள்ளும்போது ஒண்ணும் பண்ணாதுண்ணா. பாறையில பக்கெட்டைக் குத்தி இழுத்தா டப்புனு லைட் வந்துரும், இன்ஜின் பவர் விழுந்துரும். சாவிய ஆஃப் பண்ணிப் போட்டா மறுபடி ஓடும்" என்றான். அவன் சொன்னதில் பாதி வேலை முடிந்துவிட்டது. சென்சார் செத்திருந்தால் மண், பாறை என்று பார்த்தா எரர் கொடுக்கும்?

மானிட்டரில் மூன்று எண்கள்: 157, 100, 102. முறையே காமன் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம்), ஆயில் பிரஷர், பூஸ்ட் பிரஷர் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்). மூன்றுக்கும் பக்கத்தில் 4. அந்த 4-க்கு அர்த்தம், வரவேண்டிய வோல்ட்டுக்குக் கீழே சிக்னல் போய்விட்டது என்பது மட்டும்தான். சென்சார் போய்விட்டது என்று அது சொல்லவே இல்லை. எரர் எண் நமக்குக் காட்டுவது தெருவை; வீட்டை நாம்தான் தேட வேண்டும். அதைச் சென்சார் பெயராக மட்டும் படித்துவிட்டு இரண்டை வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒன்று பதினாலாயிரம்.

இந்த மாதிரி பிரஷர் சென்சாருக்கு மூன்று ஒயர். ஒன்றில் இசிஎம், அதாவது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர், 5 வோல்ட் அனுப்புகிறது, ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். பிரஷர் இல்லாதபோது சிக்னல் அரை வோல்ட் பக்கம் நிற்கும், முழுப் பிரஷரில் 4.5 பக்கம் போகும். இந்த மெஷினில் மூன்று சென்சாருக்கும் 5 வோல்ட் ஒரே லைனிலிருந்து பிரிகிறது. ஒரு போர் மோட்டாரிலிருந்து மூன்று வீட்டுக்குத் தண்ணீர் போகிறது, மெயின் பைப் உடைந்தால் மூன்று வீட்டுக் குழாயும் காயும். குழாயை மாற்றி என்ன பிரயோஜனம்?

பேட்டரி, ஆல்டர்னேட்டர் இரண்டையும் பார்த்தேன், நிற்கும்போது 25.2 வோல்ட், ஓடும்போது 28. அதில் குறையில்லை. சாவியை ஆன் செய்து, சென்சாரில் ஒயர் மாட்டும் கப்ளரில் அளந்தால் 5.0 வோல்ட் சுத்தமாக நிற்கிறது. கழற்றிப் போட்ட பழைய ஆயில் பிரஷர் சென்சாரை மாப்பிள்ளை பத்திரமாக வைத்திருந்தார். மூன்று பென்சில் பேட்டரியை வரிசையாகக் கட்டினால் 4.5 வோல்ட் வரும். அதைச் சென்சாருக்குக் கொடுத்துச் சிக்னலைப் பார்த்தேன்: 0.45. சென்சாரின் வாயில் லேசாகக் காற்றழுத்தம் கொடுத்தால் ஏறுகிறது, விட்டால் அதே இடத்துக்கு வருகிறது. நல்ல சென்சார். மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

நிற்கும் மெஷினில் இந்தக் கோளாறு சிக்காது என்று தெரிந்துவிட்டது. கப்ளரின் பின்பக்கம் மெல்லிய பின்னைச் செருகி (ஒயரைக் குத்தவே கூடாது, குத்திய ஓட்டையில் தண்ணீர் இறங்கி அடுத்த மழைக்குச் செம்பில் பச்சை பூத்துவிடும்) இரண்டு நீள ஒயரை கேபின் வரை இழுத்து மீட்டரோடு கட்டினேன். ஆப்பரேட்டர் தம்பியைப் பாறையில் வேலை செய்யச் சொன்னேன். பக்கெட் பல் பாறையில் மாட்டியது, இன்ஜின் முக்கியது, மீட்டரில் 5.0 போய் 0.02. லைட் எரிந்தது. ஷார்ட் சென்சாரிலா ஒயரிலா என்று பார்க்க மூன்று சென்சாரையும் கழற்றிவிட்டுப் பாறையில் ஓட்ட முடியாது, இன்ஜின் பவர் எடுக்காது. அதனால் ஒயரைத் தேடினேன்.

அங்கேதான் பெயிண்ட் உதவியது. விற்கும் முன் கழுவி மஞ்சள் அடித்திருக்கிறார்கள். இன்ஜினுக்குப் பின்பக்க ஒயரிங் மேலும் மஞ்சள் தூறல். ஸ்டார்ட்டருக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் டேப் கறுப்பாக இருந்தது. பெயிண்டுக்கு அப்புறம் யாரோ பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் கிளாம்ப் போல்ட் ஓட்டை காலி. கிளாம்ப் இல்லாத ஒயரிங் தொங்கி, ஒரு பிராக்கெட்டின் விளிம்பில் படுத்திருந்தது. டேப்பைப் பிரித்தேன். ஒரு ஒயரில் நெல்மணி அளவுக்குத் தோல் உரிந்து, செம்பு புதுசாய் மின்னியது. செம்பு கறுக்கவில்லை, தினமும் தேய்ந்துகொண்டிருந்திருக்கிறது. பிராக்கெட் விளிம்பிலும் அதே அளவுக்குப் பெயிண்ட் போய் இரும்பு தெரிந்தது.

கடப்பாரையை வைத்து இன்ஜினை நெம்பிப் பார்த்தேன், தாராளமாக ஆடியது. இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் நசுங்கிப் போயிருந்தது. லோடு விழும்போதெல்லாம் இன்ஜின் சாய்ந்து, 5 வோல்ட் ஒயரைப் பிராக்கெட்டில் அழுத்தியிருக்கிறது. மண்ணில் வராமல் பாறையில் மட்டும் வந்த காரணம் இதுதான்.

தேய்ந்த இடத்தை வெட்டி, இரண்டு முனையையும் நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் ஸ்லீவ் போட்டு, மேலே சூட்டில் சுருங்கும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை ஏற்றினேன். இப்படி ஆடும் இடத்தில் ஈயம் வைப்பது எனக்குப் பிடிக்காது, ஈயம் முடியும் இடத்தில் ஒயர் ஒடியும். பிறகு இசிஎம், சென்சார் இரண்டு பக்கக் கப்ளரையும் கழற்றிவிட்டு, அந்த ஒயர் வழியாக 24 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை எரியவிட்டேன். இணைப்பு சரியாகப் பிடிக்காவிட்டாலும் மீட்டர் பீப் அடித்துவிடலாம், ஆனால் பல்பு பிரகாசமாக எரியாது. பிரகாசமாகவே எரிந்தது. கிளாம்ப் போட்டு, ஒயரிங்கைப் பிராக்கெட்டிலிருந்து தள்ளிக் கட்டினேன். மவுண்டிங் ரப்பர் இரண்டு நாள் கழித்துக் கரூரிலிருந்து வந்தது.

அன்று சாயங்காலம் வரை தம்பி அதே பாறையைப் பெயர்த்தான். கேபினில் மீட்டர் 5.0-ஐ விட்டு நகரவில்லை. கழற்றிய பழைய சென்சார் இரண்டையும் துடைத்து, பாலிதீன் கவரில் கட்டி, மாப்பிள்ளை சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.