சொந்தக் காரில் வேலைக்கு ஓடிய மைல்களுக்கு வரி திரும்ப வாங்கினேன்

இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் ஹோம் கேர் வேலை பார்த்தேன். ஒரு வீட்டில் பெரியவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். காரும் பெட்ரோலும் என்னுடையவை. கம்பெனி மைலுக்கு 25 பென்ஸ் கொடுத்தது. அதோடு கணக்கு முடிந்தது என்றுதான் கூட வேலை பார்த்த பலரும் விட்டுவிட்டார்கள்.

முடியவில்லை. நான் விண்ணப்பித்த ஆண்டுகளுக்கு, காரில் முதல் 10,000 மைல் வரை மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ் என்று வரித்துறையான எச்எம்ஆர்சி ஏற்றுக்கொள்கிறது. கம்பெனி அதைவிடக் குறைவாகக் கொடுத்தால், அந்த வித்தியாசத்துக்கு வரிச் சலுகை கேட்கலாம். ஆண்டுக்கு 6,000 மைல் ஓட்டியதாக வைத்துக்கொள்வோம். 45 பென்ஸ் கணக்கில் 2,700 பவுண்டு. கம்பெனி தந்தது 1,500. மீதி 1,200 பவுண்டும் கைக்கு வராது. அதற்குக் கட்டிய வரிதான் வரும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு 240 பவுண்டு. குறைந்த சம்பளத்தில் குளிரிலும் மழையிலும் ஓடுகிறவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை. வருமான வரியே கட்டாத அளவு சம்பளம் என்றால் திரும்ப வர ஒன்றும் இல்லை.

பெட்ரோல், இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் அந்த 45 பென்ஸுக்குள் அடக்கம். தனியாகக் கேட்க முடியாது. வேலைக்காகக் கட்டிய பார்க்கிங் கட்டணம் வேறு கணக்கு. வீட்டிலிருந்து வழக்கமான பணியிடத்துக்குப் போய் வருவது சேராது. எங்களைப் போல ஒரு பகுதிக்கென்று வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பகுதியையே பணியிடமாகக் கருத இடம் இருக்கிறது. அதனால் காலையில் முதல் வீட்டுக்குப் போனதையும் இரவு வீடு திரும்பியதையும் விட்டுவிட்டு, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஓட்டியதை மட்டும் கேட்டேன்.

உண்மையான வேலை மைலேஜ் பதிவில்தான். 2024 கடைசியிலிருந்து இந்தச் சலுகைக்கு ஆதாரம் கேட்கிறார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, புறப்பட்ட போஸ்ட்கோடு, போய்ச் சேர்ந்த போஸ்ட்கோடு, எதற்காகப் போனோம் என்பது வேண்டும். பழைய ரோட்டாக்களை (யார் எப்போது எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்ற பணி அட்டவணைகளை) வைத்துக்கொண்டு எக்ஸெலில் வரிசையாக அடித்தேன். ஒரு வரி இப்படி இருக்கும்: தேதி, இரண்டு போஸ்ட்கோடு, மேப்பில் பார்த்த தூரம் 2.3 மைல், "மாலை மருந்து விசிட்". யார் வீடு என்று பெயர் போடவில்லை. நாம் பராமரிக்கிறவர்களின் விவரம் வெளியே போகக்கூடாது, அதைக் கேட்கவும் இல்லை. ரோட்டா ஆப்பில் இருக்கிறவர்கள் மாதாமாதம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வேலையை விட்டதும் என் லாகின் போய்விட்டது. மீதி ரோட்டாக்களை ஆபீஸிலிருந்து வாங்கத் திரும்பத் திரும்ப மெயில் போட வேண்டியிருந்தது.

வேலைச் செலவுக்கு வரிச் சலுகை கேட்கும் பி87 படிவம் அதற்குப் பிறகு சுலபம். நேஷனல் இன்சூரன்ஸ் எண், கம்பெனியின் பேயி ரெஃபரன்ஸ் (சம்பளத்தில் வரி பிடிப்பதற்கான கம்பெனியின் எண்; ஆண்டு முடிவில் கம்பெனி தரும் பி60 என்ற சம்பள, வரிச் சான்றில் இருக்கும்), ஒவ்வொரு வரி ஆண்டுக்கும் மொத்த மைல், கம்பெனி கொடுத்த தொகை, அவ்வளவுதான். வரி ஆண்டு ஏப்ரல் 6-ல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-ல் முடிகிறது என்பதால் பதிவையும் அப்படியே பிரித்துக்கொள்ள வேண்டும். முடிந்த 4 ஆண்டுகள் வரை பின்னால் போய்க் கேட்கலாம். ஓர் ஆண்டின் செலவு 2,500 பவுண்டைத் தாண்டினால் பி87 போதாது, செல்ஃப் அசெஸ்மென்ட் (நாமே தாக்கல் செய்யும் ஆண்டு வரிக் கணக்கு) போட வேண்டும். கையெழுத்துப் போட்டு, பதிவின் நகலோடு தபாலில் அனுப்பினேன்.

"நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பங்கு கொடுக்காதீர்கள். படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. கஷ்டமான பகுதியான மைல் பதிவை எப்படியும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

பல வாரம் கழித்துப் பழைய ஆண்டுகளின் பணம் வந்தது. நடப்பு ஆண்டுக்கு டாக்ஸ் கோடை, அதாவது எவ்வளவு சம்பளத்துக்கு வரி பிடிக்கக்கூடாது என்று கம்பெனிக்குச் சொல்லும் குறியீட்டை, மாற்றுவார்கள். 1257எல் என்றிருப்பது, 1,200 பவுண்டு சலுகை சேர்ந்தால் 1377எல் ஆகும். மாதச் சம்பளத்தில் பிடிக்கும் வரி குறையும். அந்தக் கோடு அடுத்த ஆண்டுக்கும் தொடரலாம். மைல் குறைந்த பிறகும் அப்படியே விட்டால், குறைவாகப் பிடித்த வரியைப் பின்னால் கேட்பார்கள். அதனால் வேலை மாறிய வாரமே ஆன்லைன் வரிக் கணக்கில் போய் அந்தத் தொகையை எடுக்கச் சொல்லிவிட்டேன்.