கையா கரண்டியா: இட்லி மாவு, நான்காம் சுற்று

மூன்று சுற்று ஓடியதும் முடிவு தெரிந்துவிட்டது என்று நோட்டை மூடப் போனேன். நான்காவது சுற்று எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டது.

பழைய வழக்குதான். உப்புப் போட்டுக் கையால் கலந்தால்தான் மாவு பொங்கும் என்பது அத்தையின் கட்சி. கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த பாதி வீடு அந்தக் கட்சிதான். ஒரே மாவை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பங்கை அத்தை கையால் கலந்தார், இன்னொன்றை நான் கரண்டியால். அப்புறம் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி மூடினேன். கலக்கும் விதம் சாரா மாறி, அதாவது நான் மாற்றுவது; 8 மணி நேரத்தில் மாவு எத்தனை செ.மீ. ஏறுகிறது என்பது சார்ந்த மாறி, அதாவது நான் அளப்பது. அரிசி, உளுந்து, தண்ணீர், உப்பு, வைக்கும் அலமாரி எல்லாம் ஒன்றே. ஒன்றே என்றுதான் நினைத்தேன். மூன்று நாளும் கை ஜெயித்தது. மூன்றாவது நாள் கை 5, கரண்டி 3.5. அத்தை தெருவுக்கே சொல்லிவிட்டார்.

நான்காவது நாள் அத்தை குளித்துக்கொண்டிருந்ததால் கரண்டிப் பங்கை முதலில் எடுத்தேன். கரண்டி ஜெயித்தது, அதுவும் 1 செ.மீ.க்கு மேல்.

"உனக்கு வேண்டியது வர்ற மாதிரி ஏதோ பண்ணியிருக்கேடா" என்றார் அத்தை. பண்ணியிருந்தேன்தான், ஆனால் முதல் நாளிலிருந்தே. நோட்டைப் புரட்டினால் முந்தைய மூன்று நாளும் கைப் பங்குதான் முதலில் எடுத்தது. அரிசி மாவைக் கொட்டி, மேலே உளுந்தை வழித்துப் போட்டு, நாலு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிரிக்கிற ஆள் நான். சந்தேகத்துக்கு, மேலிருந்து ஒரு சொட்டும் அடியிலிருந்து ஒரு சொட்டும் டம்ளர் தண்ணீரில் விட்டேன். மேல்சொட்டு பஞ்சு மாதிரி மிதந்தது. அடிச்சொட்டு வெள்ளைப் புகையாகக் கரைந்து இறங்கியது. உளுந்து தூக்கலான பங்குதான் எப்போதும் முதல் பாட்டிலுக்குப் போயிருக்கிறது! லியூகோநாஸ்டாக் மாதிரி பாக்டீரியாக்கள் விடும் கரியமில வாயுவை வெளியே விடாமல் பிடித்துவைப்பது உளுந்தின் புரதமும் வழவழப்பும்தான். கை ராசிக்கு இதில் இன்னும் வேலை தெரியவில்லை.

ஆக, பிரிப்பதுதான் முழு வித்தையும். முதலில் பத்து நிமிஷம் நன்றாகக் கலந்துவிட்டுப் பிரித்துப் பார்த்தேன். ஆனால் அந்தக் கலக்கலே நான் சோதிக்கிற விஷயம், கேள்வியையே அழித்துவிடுகிறது. இப்போது ஒவ்வொரு பங்குக்கும் உளுந்து மாவு 100 கிராம், அரிசி மாவு 200 கிராம் என்று தனித்தனியாக நிறுத்துப் போடுகிறேன். ஆன்லைனில் வாங்கிய தராசு 2 கிராம் அங்கேயும் இங்கேயும் தாவுகிறது. விற்றவர்கள் பதிலே போடவில்லை. மாவுக்குப் பரவாயில்லை, உப்புக்கு ஆகாது. அதனால் 40 கிராம் உப்பைக் கரைத்து 200 மில்லியாக்கி, மருந்துக்கடை சிரிஞ்சால் பங்குக்கு 20 மில்லி விடுகிறேன். 4 கிராம், சுத்தமாக. இது என் மூளை என்று கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.

அரிசி விஷயத்திலும் ஏமாந்தேன். மூட்டைக்கு மூட்டை கடைக்காரர் ஏதோ ஒரு 'இட்லி அரிசி' தருகிறார். 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஆடுதுறை பக்கத்திலேயே இருக்கும்போது அந்த நிலையத்தின் ரகமான ஏ.டி.டி. 37 குண்டு அரிசியைக் கேட்டு வாங்காதது என் தப்பு. தெரிந்த விவசாயி ஒருவர் பத்து கிலோ தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது வந்தால் வேதாரண்யத்துக் கல் உப்பா, பாக்கெட் தூள் உப்பா என்றும் ஒரு கை பார்க்கலாம். இதை முடிக்காமலே அதற்குப் பாட்டில் கழுவி வைத்தாயிற்று.

நேற்று ராத்திரி அத்தையைக் கூப்பிடாமல் ஒரு சுற்று ஓட்டினேன். இரண்டு பங்கும் கரண்டிதான், எதையுமே மாற்றவில்லை. காலையில் ஒன்று 4.6, இன்னொன்று 4.2. அதாவது ஒன்றும் செய்யாமலே 0.4 வித்தியாசம் வருகிறது. கை ஜெயிக்க வேண்டுமானால் அதைத் தாண்டித் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும். மார்கழிக் குளிரில் இன்னும் நாலு சுற்றாவது வேண்டியிருக்கும். அத்தை வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை வீட்டில் மூன்று வேளையும் தோசைதான்.