லண்டன் போக விசா வேண்டாம், இடிஏ வேண்டும்

பிறந்தது கீழக்கரை, கையில் இருப்பது சிங்கப்பூர் பாஸ்போர்ட். 2025 ஜூன் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்கு வந்து, இங்கிருந்தே சென்னை வழியாக லண்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை இரவு விமானம். முந்தின வியாழக்கிழமை ராத்திரி தங்கை போனில், "இடிஏ எடுத்தாச்சா காக்கா?" என்று கேட்டாள். தூக்கிவாரிப் போட்டது.

சிங்கப்பூர்க்காரர்கள் பிரிட்டனைச் சுற்றிப் பார்க்க விசா வேண்டாம் என்பது இன்றைக்கும் சரிதான். ஆனால் 2025 ஜனவரி 8 முதல், விமானம் ஏறும் முன்பே இடிஏ என்ற இந்த மின்னணுப் பயண அனுமதியை வாங்கிவிட வேண்டும். மலேசியர்களுக்கும் அதேதான். ஆளுக்கு ஒன்று, கைக்குழந்தைக்கும் தனி.

பதற்றத்தில் தேடியபோது முதலில் வந்த தளம் அசல் அரசாங்கத் தளம் மாதிரியே இருந்தது. எல்லாம் நிரப்பிப் பணம் கட்டும் இடத்துக்குப் போனால் ஆளுக்கு 60 பவுண்டுக்கு மேல் கேட்டது! அரசுக் கட்டணம் அப்போது 16 பவுண்டுதான். நல்லவேளை, கார்டு எண்ணைப் போடவில்லை. மூடிவிட்டு பிரிட்டன் அரசின் யுகே இடிஏ செயலியை இறக்கினேன்.

பாஸ்போர்ட்டைப் படம் எடுத்தால் கூடத்து டியூப்லைட் வெளிச்சம் அதில் பளிச்சென்று விழுந்தது. திண்ணைக்குப் போய் எடுத்தோம். அடுத்து, பாஸ்போர்ட்டுக்குள் இருக்கும் சிப்பைப் போன் படிக்க வேண்டுமாம். மேலே வைத்தேன், கீழே வைத்தேன், திருப்பி வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. "கவரைக் கழற்றுங்க மச்சான்" என்றார் மச்சான். கழற்றினேன், உடனே படித்துவிட்டது. மச்சானுக்கு இந்திய பாஸ்போர்ட், அவருக்கு இந்த வழியே கிடையாது. போன வருஷம் வங்கிக் கணக்கு விவரமெல்லாம் கட்டிக்கொண்டு சென்னை வரை போய்க் கைரேகை வைத்து விசா வாங்கியவர். நான் திண்ணையில் உட்கார்ந்தபடி முகத்தைப் போனில் காட்டி முடித்ததைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் கடுப்புதான்.

மற்றபடி முகவரி, வேலை, குற்ற வழக்கு உண்டா என்ற கேள்விகள். இந்தியாவிலிருந்து விண்ணப்பித்தது ஒரு பிரச்சினையாகவே இல்லை.

எனக்கு அன்று ராத்திரியே மின்னஞ்சலில் அனுமதி வந்துவிட்டது, மனைவிக்கு மறுநாள். மகளுக்கு மட்டும் வரவில்லை. மூன்று வேலை நாள் வரை ஆகலாம் என்று போட்டிருந்தார்கள், நடுவிலோ சனி, ஞாயிறு. அந்த இரண்டு நாளும் உம்மா தங்கைக்காகக் கட்டி வைத்த தொதல் இனிப்புப் பொட்டலத்தைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

திங்கள் சாயங்காலம், இராமநாதபுரம் ஸ்டேஷனில் சென்னை ரயிலுக்கு நிற்கும்போது மகளுக்கும் வந்தது. இந்த அனுமதி இரண்டு வருஷம் செல்லும், அதற்குள் பாஸ்போர்ட் காலாவதியானால் அதோடு போச்சு, புதிதாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆறு மாதம் வரை தங்கலாம், வேலை செய்யக் கூடாது.

"கையில ஒரு தாள்கூட இல்லாம எப்படி வாப்பா உள்ள விடுவாங்க?" என்று உம்மா கேட்டபடியே இருந்ததால், எங்கள் இரண்டு பேருடையதையும் ஊரிலேயே ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். அனுமதி பாஸ்போர்ட் எண்ணோடு சேர்ந்தே பதிவாகிவிடுகிறது. சென்னையிலும் சரி, லண்டனிலும் சரி, அந்தத் தாளை யாரும் கேட்கவில்லை. விமானத்தில் மகள் அதன் பின்பக்கத்தில் மாடி பஸ் வரைந்துகொண்டிருந்தாள்.